தன்னந்தனியே உலகைச் சுற்றிய படகோட்டி

1897-ம் ஆண்டு ஜூலை மாதம். இந்து மகா சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது. நான்கு திசையிலும் கரை கிடையாது. பின்னாலிருந்து இதமான காற்று வீசியது. வெள்ளைப் பாய் புடைத்து நின்றது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடியது.

சுக்கானைப் பிடிக்க ஆள் இல்லை. அது கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. படகில் இருந்தவர் ஒரே ஒரு மனிதர். அவரோ அறைக்குள் சாவகாசமாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். வயது 53. ஒல்லியான உடம்பு, சிறிய தாடி. இவ்வளவு பெரிய கடலில் தனியாகப் போன அந்த மனிதருக்கு நீந்தவும் தெரியாது!

இப்படி ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, 23 நாட்கள்! ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைல். அத்தனை தூரத்திலும் அவர் சுக்கானைத் தொட்ட நேரம் எல்லாம் சேர்த்து மூன்று மணிக்கு மேல் இல்லை.

அவர்தான் ஜோஷுவா ஸ்லோகம். துணைக்கு ஆளில்லாமல், பாய்மரப் படகில், உலகத்தை முழுவதும் சுற்றி வந்த முதல் மனிதர்.

நொறுங்கிய பொம்மைக் கப்பல்

ஸ்லோகம் பிறந்தது 1844-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி. கனடா நாட்டில் நோவா ஸ்கோஷியா என்ற குளிர்ப் பிரதேசம் அவருடைய சொந்த நாடு. பதினொரு பிள்ளைகளில் அவர் ஐந்தாவது. தந்தை நிலத்தில் பாடுபட்டார்; பிறகு ஒரு தீவில் குடியேறி, மீனவர்களுக்குத் தோல் பூட்ஸ் தைத்துப் பிழைத்தார். கண்டிப்பானவர். பையன் ஜோஷுவா 10 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தந்தையின் பட்டறையில் உட்கார வேண்டியதாயிற்று.

ஆனால் அவன் மனம் தோலிலும் ஊசியிலும் இல்லை. அவன் தாய் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் மகள். கடல் ஆசை அந்த வழியில் வந்ததுபோலும்! 12 வயதில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு மரக் கப்பலைச் செதுக்கி வந்தான். பல நாள் உழைப்பு. பாய்மரமும் கயிறும் வைத்து முடிக்கும் சமயத்தில் தந்தை பார்த்துவிட்டார். வேலையை விட்டு விளையாட்டா என்று அவருக்குக் கோபம். பொம்மைக் கப்பலைப் பிடுங்கி உடைத்து நொறுக்கினார். பையனுக்கு அடியும் விழுந்தது.

14 வயதில் ஜோஷுவா வீட்டை விட்டு ஓடினான். மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சமையல்காரனாகச் சேர்ந்தான். அவன் செய்த முதல் பலகாரத்தைப் பார்த்ததுமே மாலுமிகள் அவனை வேலையிலிருந்து விரட்டிவிட்டார்கள்! தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான்.

1860-ல் தாய் காலமானாள். அதற்குப் பிறகு வீட்டில் அவனைக் கட்டி வைக்க எதுவும் இல்லை. 16 வயதில் ஒரேயடியாகப் புறப்பட்டுவிட்டான்.

கப்பலே வீடு

கடலில் அவன் வெகு வேகமாக முன்னுக்கு வந்தான். 18 வயதில் கப்பல் அதிகாரி. பிறகு அமெரிக்கப் பிரஜையாகி, சான்பிரான்சிஸ்கோவில் கப்பல் தலைவரானார். 1871-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார்.

வர்ஜீனியா கரையில் காத்திருக்கும் மனைவி அல்ல. கணவனோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தினாள். குழந்தைகள் துறைமுகத்திலும் நடுக்கடலிலும் பிறந்தன. அவற்றுக்கு அவளே பாடம் சொல்லிக் கொடுத்தாள். சுறா மீன் வந்தால் துப்பாக்கி எடுத்துக் குறி தவறாமல் சுடுவாள். ஏழு குழந்தைகள் பிறந்து நான்கு தங்கின. பசிபிக் சமுத்திரம், சீனா, பிலிப்பைன்ஸ் தீவுகள் என்று அந்தக் குடும்பம் சுற்றாத இடம் இல்லை.

1884-ல் பேரிடி விழுந்தது. தென்னமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் துறைமுகத்துக்கு அருகே, கப்பலிலேயே, வர்ஜீனியா நோயுற்று இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 34.

அதற்குப் பிறகு ஸ்லோகமுக்கு எதுவும் நேராக நடக்கவில்லை. 1886-ல் ஹென்ரியட்டா என்ற உறவுப் பெண்ணை இரண்டாந்தாரமாக மணந்தார். 1887 டிசம்பரில் அவருடைய சொந்தக் கப்பல் பிரேசில் நாட்டில் மணல் திட்டில் மோதி உடைந்தது. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. இருந்த பணமெல்லாம் அந்த மணலிலேயே போயிற்று.

வேறொருவராக இருந்தால் யாரிடமாவது கைநீட்டி ஊர் திரும்பியிருப்பார். ஸ்லோகம் உளியையும் ரம்பத்தையும் எடுத்தார். உடைந்த கப்பலின் சாமான்களையும் காட்டு மரத்தையும் சேர்த்து, 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். மனைவி பாய் தைத்தாள். 1888 மே 13-ந் தேதி படகு தண்ணீரில் இறங்கியது. அன்றுதான் பிரேசில் நாட்டில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. ஆகவே படகுக்கு 'விடுதலை' என்று பொருள்படும் லிபர்டேட் என்ற பெயரைச் சூட்டினார். மனைவியையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, 5,500 மைல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

வயலில் கிடந்த ஓடம்

ஊர் வந்தார், வேலை இல்லை. ஏன்? உலகமெங்கும் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. காற்றை நம்பிய கப்பல்கள் ஒவ்வொன்றாக மூலையில் முடங்கின. பாய்மரக் கலையைத் தவிர வேறு தொழில் அறியாத தலைவர்கள் பலர் கரையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஸ்லோகம்.

1892-ல் ஒரு பழைய நண்பர், திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர், அவருக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். ஆவலோடு ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தால், கப்பல் கடலில் இல்லை; வயலில் கிடந்தது! பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பழைய சிப்பிப் படகு. பெயர் ஸ்ப்ரே. அலையிலிருந்து தெறிக்கும் நீர்த்திவலை என்று பொருள். மரமெல்லாம் உளுத்துப் போயிருந்தது. ஊரார் சிரித்தார்கள்.

ஸ்லோகம் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே ஓக் மரம் ஒன்றை வெட்டினார். படகின் அடிமரம் புதிது, விலாச் சட்டங்கள் புதிது, பலகைகள் புதிது. பழையதில் மிஞ்சியது பெயர் மட்டுமே என்று சொல்லலாம். இதில் என்ன லாபம் வரும் என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். 13 மாதம் அவர் ஒற்றை ஆளாக உழைத்தார். சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட்.

சேதராப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸின் நீளம் எவ்வளவு? ஸ்ப்ரேயின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 36 அடி 9 அங்குலம். அகலம் மட்டும் பஸ்ஸைவிட அதிகம். 14 அடி 2 அங்குலம். அதற்குள்ளேதான் படுக்கை, அடுப்பு, தண்ணீர், உணவு, புத்தகங்கள் எல்லாம்.

கூட வரும்படி மனைவியை அழைத்தார். கடல் பிரயாணம் போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. அவள் மறுத்துவிட்டாள். பிள்ளைகளும் கரையில் தங்கினார்கள். ஸ்லோகம் தனியாகப் போக முடிவு செய்தார்.

ஒரு டாலர் கடிகாரம்

1895 ஏப்ரல் 24-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஸ்ப்ரே பாய் விரித்தது.

நடுக்கடலில் படகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். ஸ்லோகமிடம் நல்ல கடிகாரம் ஒன்று இருந்தது. அதைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டார்கள். அவ்வளவு பணம் கொடுக்க மனமில்லாமல் அதை வீட்டிலேயே விட்டுவிட்டார். வழியில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். அதன் முகப்பு நசுங்கியிருந்ததால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார்! போகப் போக அதன் நிமிஷ முள்ளும் விழுந்துவிட்டது. ஒரு முறை அது ஓடாமல் நின்றபோது வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார், மறுபடியும் ஓடியது! சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அந்தக் கடிகாரமே போதுமாயிருந்தது.

முதல் நாட்களில் அவரை வாட்டியது புயல் அல்ல, தனிமை. மூடுபனியில் வழி தெரியாமல் போகும்போது மனம் நடுங்கியது. பேச ஆளில்லாவிட்டால் பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்தார். ஆகவே சுக்கானில் ஆள் நிற்பதாகப் பாவித்து உரக்க உத்தரவு கொடுப்பார். பதில்தான் வராது. வாய்விட்டுப் பாடுவார். கடலாமைகள் தலையை நீட்டிக் கேட்கும். நாளடைவில் தனிமை பழகிற்று, பயம் விலகிற்று.

ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஜிப்ரால்டர் வரை போனார். கிழக்கே மத்திய தரைக் கடலில் கொள்ளையர் பயம் என்று எச்சரித்தார்கள். உடனே திசையை மாற்றிக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் திரும்பவும் கடந்து தென்னமெரிக்கா சென்றார்.

தென்னமெரிக்காவின் தென்கோடியில் மெகல்லன் ஜலசந்தி. பனிக்காற்றும் பாறையும் நிறைந்த இடம். இரவில் ஆட்கள் படகில் ஏறிக் கொள்ளையடிப்பது அங்கே வழக்கம். ஒரு நல்ல மனிதர் அவருக்கு ஒரு பை நிறையச் சிறு ஆணிகளைக் கொடுத்தனுப்பினார். ஸ்லோகம் தூங்கப் போகுமுன் ஆணிகளைக் கூர் மேலே இருக்கும்படி படகின் தளமெங்கும் பரப்பி வைத்தார். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறி வந்தவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள். 

அந்தப் பாழான கரையில் அவருக்கு வேறொரு எண்ணமும் பிறந்தது. உயிர்களே அரிதான இடத்தில் ஒரு வாத்தைச் சுட்டுத் தின்னவும் அவருக்கு மனம் வரவில்லை. தற்காப்புக்கு அல்லாமல் எதையும் கொல்வதில்லை என்று இருந்தார்.

வெப்பக் கடலின் இன்பம்

பசிபிக் சமுத்திரத்தில் நுழைந்ததும் எல்லாம் மாறியது. குளிர் போயிற்று. வியாபாரக் காற்று என்று மாலுமிகள் சொல்லும் காற்று, ஒரே திசையிலிருந்து இரவும் பகலும் ஒரே சீராக வீசியது. அந்தக் காலத்துக் கப்பல்கள் எல்லாம் அதை நம்பித்தான் வாணிகம் செய்தன.

ஸ்லோகம் ஒரு வித்தை அறிந்திருந்தார். முன்பாயையும் பெரிய பாயையும் சரியான அளவில் இழுத்துக் கட்டிவிட்டுச் சுக்கானையும் கட்டிவிடுவார். படகு சற்று விலகினால் காற்றே அதைப் பழைய வழிக்குத் தள்ளிவிடும். ஸ்ப்ரேயின் நீண்ட அடிமரமும் அதற்கு உதவியது. சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டிக்காரர் தூங்கிவிட்டாலும் மாடுகள் வழி தவறாமல் வீடு கொண்டு சேர்ப்பதில்லையா? அதைப் போலத்தான்.

ஆகவே அவருக்குச் சமைக்க நேரம் இருந்தது. படிக்க நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்க்கவும் நேரம் இருந்தது. இரவில் பறவை மீன்கள் பாயில் மோதித் தளத்தில் விழும். காலையில் எழுந்து பொறுக்கினால் அன்றைய ஆகாரம் தயார். 72 நாட்கள் எந்தத் துறையிலும் இறங்காமல் 1896 ஜூலையில் சமோவா தீவை அடைந்தார். அங்கே புகழ்பெற்ற எழுத்தாளர் ஸ்டீவன்சனின் மனைவி, காலமான தம் கணவரின் கடல் வழிகாட்டி நூல்களை அவருக்குப் பரிசளித்தார்.

பிறகு ஆஸ்திரேலியா. அதன் பிறகுதான் இந்து மகா சமுத்திரத்தில் அந்த 23 நாள் பிரயாணம். அவர் வாழ்நாளில் கண்ட அமைதியான நாட்களில் அவை முக்கியமானவை. வர்ஜீனியாவின் மரணம், உடைந்த கப்பல், கைவிட்ட தொழில் எல்லாம் கரையில் இருந்தன. கடலில் காற்றும் படகும் அவரும் மட்டும்.

ஆனால் கடலில் அசட்டை கூடாது. இதை அவர் கோகோஸ் தீவில்தான் கற்றார். பெருங்கடலைக் கடந்த தைரியத்தில், துணைக்கு ஓர் ஆளோடு ஓர் ஓட்டைப் படகில் ஏறி, உள்கடலைத் தாண்டப் பார்த்தார். திடீரென்று அடித்த காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிற்று. துடுப்பு இல்லை. நங்கூரம் இருந்தது; போதிய கயிறு இல்லை. எதிரே இருந்த அடுத்த கரை 3,000 மைலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா! நல்லவேளையாக ஒரு கழி கிடந்தது. அதைக் கொண்டு போராடிக் கரை சேர்ந்தார்கள்.

மோரீசில் ஓய்வு

அடுத்து ரோட்ரிக்ஸ் தீவு. அங்கே வேடிக்கை ஒன்று நடந்தது. உலகம் முடியும் காலத்தில் கிறிஸ்துவின் விரோதி ஒருவன் வருவான் என்று பாதிரியார் அப்போதுதான் பிரசங்கம் செய்திருந்தார். தன்னந்தனியாக ஒரு மனிதர் கடலிலிருந்து வந்து இறங்கவே, அவன்தான் வந்துவிட்டான் என்று சிலர் ஓட்டம் பிடித்தார்கள். ஒரு கிழவி வீட்டைத் தாளிட்டுக்கொண்டு, அவர் புறப்பட்ட பிறகுதான் வெளியே வந்தாளாம்!

1897 செப்டம்பர் 19-ந் தேதி மோரீஸ் தீவை அடைந்தார். மோரீஸ் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1730-களில் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே அதன் தலைநகரான போர்ட் லூயியைக் கட்டியபோது, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு ஆயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். ஸ்லோகம் போன காலத்தில் அங்கே தமிழர் கோயில்கள் இருந்தன.

தென் ஆப்பிரிக்கக் கடலில் புயல் காலம் ஓயும்வரை அவர் அங்கே தங்கினார். நாடக மண்டபத்தில் தம் பிரயாணக் கதையைச் சொன்னார். ஏழு இளம் பெண்களைப் படகில் ஏற்றிக்கொண்டு உலாப் போனார். பிறகு தென் ஆப்பிரிக்கா சென்று, 1898 மார்ச்சில் தாயகம் நோக்கித் திரும்பினார்.

வழியில் செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் அன்போடு ஓர் ஆட்டைக் கொடுத்தார். அது கயிற்றைத் தின்றது. ஸ்லோகமின் வைக்கோல் தொப்பியைத் தின்றது. போகவேண்டிய கடலின் வரைபடத்தையும் தின்றுவிட்டது! அடுத்த தீவு வந்ததும் ஆட்டைக் கரையில் இறக்கிவிட்டார். கொள்ளையரைச் சமாளித்தவரால் ஆட்டைச் சமாளிக்க முடியவில்லை.

1898 ஜூன் 27-ந் தேதி பின்னிரவு 1 மணிக்கு, அமெரிக்காவில் நியூபோர்ட் துறைமுகத்தில் ஸ்ப்ரே நங்கூரம் போட்டது. மூன்று ஆண்டு இரண்டு மாதம், 46,000 மைல். அமெரிக்கா ஸ்பெயினோடு யுத்தத்தில் இருந்த சமயம் அது. ஆகவே முதலில் ஊரார் அவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கரை பிடிக்கவில்லை

10 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர் இப்போது பேனாவை எடுத்தார். தம் பிரயாணத்தை ஒரு புத்தகமாக எழுதினார். 1900-ல் அது வெளிவந்தது. எளிய நடை, இடையிடையே சிரிப்பு. புகழ் பரவிற்று. இன்றும் அந்தப் புத்தகம் அச்சாகிறது.

1902-ல் ஒரு தீவில் நிலம் வாங்கி விவசாயம் செய்து பார்த்தார். மனைவிக்கு ஓர் ஊரும் வீடும் கிடைத்தன. ஆனால் அவருக்கு மண்ணில் கால் தரிக்கவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயில் ஏறி, மேற்கிந்தியத் தீவுகளின் வெப்பக் கடலுக்குப் போய்விடுவார். கடல் அவருக்கு அமைதி தந்தது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் கரையில் காத்திருந்த குடும்பத்தார்.

1909 நவம்பரில், 65-வது வயதில், தென்னமெரிக்காவின் பெரிய ஆறுகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி மறுபடியும் தனியே புறப்பட்டார். அதற்குப் பிறகு அவரையோ ஸ்ப்ரேயையோ யாரும் பார்க்கவில்லை. புயலில் சிக்கினாரோ, இருட்டில் நீராவிக் கப்பல் மோதிற்றோ, யாருக்கும் தெரியாது. 1924-ல் நீதிமன்றம் அவர் இறந்ததாகத் தீர்ப்பளித்தது.

அவர் காட்டிய வழி அடைபடவில்லை. தன்னந்தனியே பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் கடற்படை அதிகாரி திலீப் தோண்டே. 2010-ல் அந்தப் பிரயாணத்தை முடித்தார். 2024 அக்டோபர் 2-ந் தேதி, கடற்படை அதிகாரிகளான தில்னாவும் ரூபாவும், இரண்டே பெண்களாக, தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ந் தேதி பத்திரமாகத் திரும்பினார்கள். இருவரில் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர்.

அன்று ஒரு தந்தை கோபத்தில் ஒரு பொம்மைக் கப்பலை உடைத்தார். உடைந்தது மரம்தான், பையனின் ஆசை உடையவில்லை. பிள்ளைகள் கையில் எதையாவது செதுக்கிக்கொண்டிருந்தால் பெற்றோர் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.